பகலில் மருந்தாளுநர், இரவில் டிரம்பெட்... யார் இந்த இ.டி.மென்சா?

1950-களில் மேற்கு ஆப்பிரிக்க டான்ஸ் ஹால்களை ஆட்டிப் படைத்த இசை, ஹைலைஃப். அதன் ராஜா என்று கொண்டாடப்பட்டவர் இ.டி.மென்சா. தொழில்? அரசு மருந்தாளுநர்!

அதென்ன ஹைலைஃப்? இன்றைய கானா அப்போது கோல்டு கோஸ்ட் என்ற பிரிட்டிஷ் காலனி. பெரிய இடத்து ஆட்கள் கோட்டு சூட்டோடு, டிக்கெட் வாங்கி கிளப்பில் ஆடுவார்கள். உள்ளே போக வசதியில்லாத ஜனங்கள் வெளியே நின்று வேடிக்கை பார்ப்பார்கள். உள்ளே இருப்பவர்களின் 'உயர்ந்த வாழ்க்கை'யைப் பார்த்து அவர்கள் வைத்த பெயர்தான் இசைக்கும் ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்கள்.

1919-ல் அக்ராவில் பிறந்த மென்சா, பள்ளி பேண்டில் புல்லாங்குழல் வாசித்து ஆரம்பித்தவர். பிறகு சாக்ஸபோன், டிரம்பெட். இரண்டாம் உலகப் போர் வந்தது. அக்ராவில் முகாமிட்ட வெளிநாட்டு வீரர்களுக்கு ஸ்விங், ஜாஸ் வேண்டும். பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் போய், ஏழெட்டு பேர் கொண்ட சின்ன பேண்டுகள் வந்தன. அப்படி வந்ததுதான் 'டெம்போஸ்'. 1940-களின் கடைசியில் அதன் தலைமை மென்சா கைக்கு வந்தது.

சொல்லப்போனால் மேஜிக் நடந்தது இங்கேதான். டிரம்மர் கை வாரன் லண்டன் போய்விட்டு போங்கோ மேளம், கலிப்ஸோ, கியூபா தாளங்களோடு திரும்பினார். முன்னால் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் மெட்டைப் பிடிக்க, கீழே ஆப்பிரிக்க தாளம் ஓட, நடுவில் கொஞ்சம் ஜாஸ். பாட்டு வரிகள் கா, ட்வி, ஃபான்டே, ஈவே, ஆங்கிலம் என பல மொழிகளில். ஒரே மொழிக்காரர்களின் இசையாக அது சுருங்காமல் போனதற்கு இதுவும் காரணம். 'ஆல் ஃபார் யூ' பாட்டைத் தேடிக் கேட்டுப் பாருங்க, உட்கார்ந்த இடத்திலேயே கால் தாளம் போடும்.

1952 முதல் டெக்கா நிறுவனம் இவரது இசைத்தட்டுகளை வெளியிட்டது. அவை நாடு நாடாகப் பரவின. மாதச் சம்பளமா, மேடையா? அரசு வேலையை விட்டுவிட்டு முழுநேர இசைக்கு வந்தார் மென்சா. சாதாரண ரிஸ்க் இல்லை இது.

நைஜீரியாவுக்கு டெம்போஸ் அடிக்கடி பயணம் போனது. அதுவரை ஸ்விங்கும் பால்ரூம் இசையும் வாசித்துக்கொண்டிருந்த லாகோஸ் பேண்டுகள், இவர்களைக் கேட்டபின் ஹைலைஃப் பக்கம் திரும்பின. பாபி பென்சன், விக்டர் ஒலையா எல்லாம் அந்த வரிசை. பின்னாளில் ஆஃப்ரோபீட் தந்த ஃபெலா குட்டியும் ஒலையா பேண்டில் இருந்தவர்தான்.

1956-ல் ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் அக்ரா வந்தபோது மென்சாவோடு சேர்ந்து வாசித்தார். அடுத்த ஆண்டு, 1957 மார்ச் 6, சுதந்திரம்! அதற்காக மென்சா போட்ட பாட்டு 'கானா ஃப்ரீடம்'. வெளியே நின்று வேடிக்கை பார்த்த ஜனங்களின் பிள்ளைகளும் இப்போது ஆடினார்கள்.

1960-களில் கிட்டார் பேண்டுகளும், பிறகு பாப், சோல் இசையும் மேலேறின. டான்ஸ் பேண்டுகளுக்கு மவுசு குறைந்தது. மென்சா மறுபடி மருந்தாளுநர் வேலைக்கே போனார். 1980-களில் பழைய பதிவுகள் தொகுப்பாக வந்து, ஐரோப்பாவில் புது ரசிகர்கள் கிடைத்தார்கள். 1996 ஜூலையில், 77 வயதில் காலமானார்.