ராமன் விளைவில் இன்னொரு தமிழர்: கே.எஸ். கிருஷ்ணன்

நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கிப் பால்மரத் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். அதே 1920இல் ஒரு தமிழ் இளைஞர் கல்கத்தாவுக்குப் பயணமானார். இயற்பியல் படிக்கத்தான் போனார். கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் என்பது அவரது முழுப்பெயர்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4இல் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்துவக் கல்லூரியிலும் படித்தார். பிறகு அந்தச் சென்னைக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறை உதவியாளராக இருந்தபோது, மதிய உணவு வேளையில் மாணவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு அறிவியல் பேசுவார். வேறு கல்லூரிப் பிள்ளைகளும் தேடி வந்து உட்காருவார்கள்.

1923இல் சர் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ஒளி என்பது என்ன என்ற கேள்வி அப்போது சூடாக இருந்தது. ஒளியை அலை என்றே உலகம் நம்பியிருந்தது. மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றுக்கொன்று குறுக்காகத் துடித்துக்கொண்டே ஓடும் அலை அது. ஒளி சின்னச் சின்னப் பொட்டலங்களாகவே ஆற்றலைக் கொடுக்கிறது, வாங்குகிறது என்று ஐன்ஸ்டைன் 1905இல் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. அந்தப் பொட்டலத்தின் பெயர்தான் போட்டான்.

போட்டானுக்கு மின்னேற்றம் கிடையாது. துடிக்கும் அந்தப் புலத்தின் ஆற்றலில் மிகச் சிறிய ஒற்றைப் பங்கு என்று அதைச் சொல்லலாம். வீட்டில் ஒலிக்கும் மின்னல் எஃப்.எம். வானொலி அலையும் போட்டான்களால் ஆனதுதான். ஆனால் அதன் ஒரு போட்டானில் உள்ள ஆற்றல், பச்சை ஒளியின் ஒரு போட்டானில் உள்ளதில் 50 லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. கோடானுகோடி சேர்ந்து வருவதால் நமக்கு அலை மட்டுமே தெரிகிறது.

1928 பிப்ரவரியில் கிருஷ்ணன் செய்த சோதனை எளிமையானது. சூரிய ஒளியை நீல ஊதாக் கண்ணாடி வழியாகத் திரவத்தில் பாய்ச்சினார். சிதறி வரும் ஒளியை மஞ்சள் பச்சைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். நிறம் மாறாமல் சிதறியிருந்தால் இரண்டாம் கண்ணாடியில் எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தது. ஏறத்தாழ 60 திரவங்களில் பார்த்தார்கள், எல்லாவற்றிலும் தெரிந்தது. பிப்ரவரி 16இல் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் எழுதப்பட்ட குறிப்பு, மார்ச் 31இல் நேச்சர் இதழில் வெளியானது.

இதை அலைக் கணக்கிலும் விளக்கலாம். ஒளியின் மின்புலம் மூலக்கூற்றின் எலெக்ட்ரான்களை ஊஞ்சல்போல் ஆட்டுகிறது. மூலக்கூறும் தானாக அதிர்வதால் இரண்டு ஆட்டமும் கலந்து, பழைய நிறத்தின் இருபக்கமும் புது நிறங்கள் பிறக்கின்றன. ஆனால் அந்தக் கணக்குப்படி இரண்டும் ஏறக்குறைய ஒரே பலத்தில் வரவேண்டும். உண்மையில் சிவப்புப் பக்கம்தான் பலமாக வருகிறது. போட்டான் கணக்கு இங்கேதான் கைகொடுக்கிறது. பெரும்பாலான மூலக்கூறுகள் அமைதியாக இருப்பவை. போட்டானிடமிருந்து ஆற்றலை வாங்கிக்கொள்ளத்தான் அவற்றால் முடியும், கொடுக்க முடியாது. ஆற்றல் குறைந்த போட்டான் சிவப்புப் பக்கம் சாய்கிறது.

1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. பரிசு உரையில் ராமன் கிருஷ்ணனின் பெயரைச் சொன்னார் என்பது உண்மை. ஆனால் நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

பரிசு அறிவிக்கப்பட்டபோது கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1924இல் போட்டான்களை எண்ணும் கணக்கையே மாற்றி எழுதிய சத்தியேந்திரநாத் போஸ் அங்கே அவருடன் பணியாற்றினார். ஒளியின் மின்புலத்தோடு மல்லுக்கட்டிய கிருஷ்ணன் அங்கே காந்தப்புலத்துக்கு வந்தார். சிறு படிகங்களை மெல்லிய இழையில் காந்தத்தின் நடுவே தொங்கவிட்டு, அவை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகின்றன என்று அளந்தார். படிகத்துக்குள் மூலக்கூறுகள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்பதை அந்தத் திருப்பம் காட்டிக்கொடுத்தது. ராமன் விளைவுக்கு உழைத்ததைவிட இதில்தான் அவர் அதிக ஆண்டுகள் செலவிட்டார்.

1940இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1946இல் சர் பட்டம் வந்தது. மறு ஆண்டு டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். தமிழிலும் அறிவியல் எழுதினார். 1961 ஜூனில் மறையும் வரை அந்த ஆய்வகத்தின் பொறுப்பிலேயே இருந்தார்.