துப்பறியும் சாம்புவைப் படைத்த தேவன்

தமிழ் மக்களைச் சிரிக்க வைத்த எழுத்தாளர் பலர் உண்டு. எவர் மனத்தையும் புண்படுத்தாமல் சிரிக்க வைத்தவர் சிலரே. அச்சிலருள் முன்வரிசையில் வைத்துப் போற்றத்தக்கவர், தேவன் என்னும் புனைபெயர் பூண்ட ஆர். மகாதேவன் ஆவார்.

கும்பகோணத்தை அடுத்த திருவிடைமருதூரில் 1913ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 8ஆம் நாள் அவர் பிறந்தார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார், சிறிது காலம் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். ராஜாமணி என்னும் குறும்புச் சிறுவனைப் பற்றி அவர் எழுதியனுப்பிய கட்டுரை, ஆனந்த விகடன் ஆசிரியராயிருந்த கல்கியின் கருத்தைக் கவர்ந்தது. அதன் பயனாக இளவயதிலேயே அவ்விதழின் உதவி ஆசிரியரானார். கல்கி விலகித் தனி இதழ் தொடங்கிய பின், 1942 முதல் நிர்வாக ஆசிரியர் பொறுப்பையும் ஏற்றார்.

அவருக்கு முன்னரே தமிழில் துப்பறியும் நாவல்கள் மலிந்திருந்தன. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் அத்துறையில் புகழ் பெற்றவர்கள். ஆங்கிலத்தில் கானன் டாயில் படைத்த ஷெர்லாக் ஹோம்ஸைப் போலவே, துப்பறிபவன் என்றால் கூரிய மதியுடையவன் என்பதே வழக்கம். தேவனோ அவ்வழக்கைத் தலைகீழாக்கினார். அவருடைய சாம்பு ஒரு பாங்கிக் குமாஸ்தா. பார்ப்பவர் அனைவரும் அசடு என்று எண்ணத்தக்கவர். அவர் தவறான ஆளைச் சந்தேகிப்பார்; தடுக்கி விழுவார்; விழுந்த இடத்தில் உண்மைத் திருடன் அகப்படுவான்! எப்படி வெற்றி கிட்டியது என்பதை அவரே அறியார். இன்ஸ்பெக்டர் கோபாலனோ மீண்டும் அவரையே நாடி வருவார். மர்மம் இறுதிவரை குன்றாது. பயங்கரமும் ஆபாசமும் இராது. ஆகவே பெரியோர் மறைத்து வைத்துப் படித்த துப்பறியும் கதை, சிறுவர் கையிலும் தயக்கமின்றிக் கொடுக்கக்கூடியதாயிற்று.

சாம்புவோடு அவர் நின்றுவிடவில்லை. ஒரு கொலை வழக்கின் விசாரணையையே 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' என்னும் நாவலாக்கினார். 'மிஸ்டர் வேதாந்தம்', 'ஸி.ஐ.டி. சந்துரு' முதலியனவும் அவர் படைத்தவையே. 'கோமதியின் காதலன்' 1955இல் திரைப்படமாகவும் வெளிவந்தது.

இத்தனை எழுதியவர் 1957ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், நாற்பத்து மூன்றாம் வயதில் காலமானார். வாரந்தோறும் பல்லாயிரவர் காத்திருந்து படித்த அவர் கதைகள் நூல்களாகப் பரவியது அவர் மறைந்த பிறகே. அடுத்தவர் எழுத்தைத் திருத்தி அச்சேற்றுவதில் ஆயுளைச் செலவிட்டவர், தம் நூல்களின் வரிசையைக் கண்ணாரக் காணாமற் போனார் என்பதை நினைக்குங்கால் நெஞ்சம் கனக்கிறது.

நந்திதுர்க்கில் வாழும் நமக்கு இவ்வரலாறு எதற்கு என்று வினவலாம். 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், பொழுது விடியுமுன் பெங்களூர் ரயிலேறி, இருட்டிய பின் வீடு திரும்புவோர் நம்மிற் பலர். அவர்தம் மக்கள் கன்னடமும் ஆங்கிலமும் பள்ளியில் கற்கின்றனர்; தமிழைப் பேசுகின்றனர்; எழுத்துக்கூட்டிப் படிக்கவோ தடுமாறுகின்றனர். இலக்கணம் கூறி அவர்களை அழைத்தால் ஓடுவர். சாம்புவின் ஒரு கதையைப் பாதிவரை படித்துக் காட்டி நிறுத்திப் பாருங்கள். மீதியைத் தாமே படிக்க முனைவர். திருடன் யார் என்று அறியும் ஆவலைவிடச் சிறந்த தமிழாசிரியர் வேறெவர்? காலனி வீடுதோறும் அந்நூல் ஒன்று இருக்கட்டும். அதுவே தேவனுக்கு நாம் செய்யும் நன்றி.