தம்பியப்பனுக்காகப் பிறந்த பாட்டு

கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1775ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். தந்தை இராமசாமி தீட்சிதரிடம் இசை பயின்றார். இளமையில் காசியில் சில ஆண்டுகள் தங்கி, இந்துஸ்தானி இசையையும் செவியாரக் கேட்டார்.

அவருடைய மாணவருள் ஒருவர் தம்பியப்பன் என்னும் மத்தளக் கலைஞர். அவரைக் கடும் வயிற்றுவலி வாட்டியது, மருந்துகள் பயன்தரவில்லை. வியாழனாகிய குருவின் நிலையே இதற்குக் காரணம் என்று தீட்சிதர் கருதினாராம். பரிகார மந்திரம் ஓதும் உரிமை அக்கால வழக்கப்படி தம்பியப்பனுக்கு இல்லை. பாடுவதை யார் தடுக்க முடியும்? அடாணா இராகத்தில் குருவைப் போற்றும் கீர்த்தனை ஒன்றை இயற்றி, நாள்தோறும் பாடுமாறு கற்பித்தார். சில நாள்களில் வலி நீங்கியது என்பது செவிவழிச் செய்தி. நோய் பாட்டால் தீர்ந்ததோ, ஆசிரியரின் அன்பால் தீர்ந்ததோ! ஏனைய கிழமைகளுக்கு உரிய கோள்களின்மீதும் அவர் கீர்த்தனைகள் இயற்றினார்.

தஞ்சை நால்வர் எனப்படும் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரும் அவரிடம் கற்றவர்களே. ஆங்கிலேயரின் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கும் வடமொழியில் பாடல் புனைந்தார். பின்னாளில் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில், 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் மறைந்தார். அவருடைய கீர்த்தனைகள் நம் மாட்டுங்காவின் கச்சேரி மேடைகளிலும் ஒலிக்கின்றன.