பேரனுக்காக நாடாண்ட பாட்டி: இராணி மங்கம்மாள்

அனுமந்தன்பட்டியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் விடியுமுன்னே ஜீப் ஏறி, மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெற்றோர் உண்டு. அவர்கள் பொழுது சாய்ந்து திரும்பும் வரையில் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவர் யார்? வீட்டிலுள்ள பாட்டிதான். நமது கம்பம் பள்ளத்தாக்கு மதுரை நாயக்கர் ஆட்சியில் இருந்த காலத்தில், பேரனை மடியிலும் நாட்டைத் தோளிலும் சுமந்த ஒரு பாட்டி இருந்தார். அவரே இராணி மங்கம்மாள்.

மங்கம்மாள் மன்னர் சொக்கநாத நாயக்கரின் மனைவி. மன்னர் 1682-ம் ஆண்டில் காலமானார். உடன்கட்டை ஏறுவது அரச குடும்பங்களில் வழக்கமாயிருந்த காலம் அது. மங்கம்மாளோ இளவயது மகனுக்காக உயிர் வாழத் துணிந்தார். அந்த மகன் முத்துவீரப்பரும் ஏழு ஆண்டுகளே ஆண்டு, 1689-ல் வைசூரி கண்டு இறந்தார். அவருடைய மனைவி சின்ன முத்தம்மாள் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. கணவனோடு தீயில் இறங்க நின்றவளை, வயிற்றிலிருக்கும் சிசுவை நினைக்கச் சொல்லி மாமியார் தடுத்தார். ஆண் குழந்தை பிறந்தது. ஆனால் சில நாட்களில் தாயும் மாண்டாள்.

கணவன், மகன், மருமகள் மூவரையும் பறிகொடுத்த மங்கம்மாளின் கையில் மிஞ்சியது அந்தப் பச்சைக் குழந்தை ஒன்றே. விஜயரங்க சொக்கநாதன் என்ற அக்குழந்தைக்கு மூன்றாம் மாதத்திலேயே முடி சூட்டினார்கள். பட்டம் பேரனுக்கு, பாரம் பாட்டிக்கு! சுமார் பதினேழு ஆண்டுகள் பேரனின் பெயரால் மங்கம்மாள் நாட்டைக் காத்தார். வடக்கே மொகலாயர் சேனை பெரிதாக நின்றது. வீண் போர் செய்து குடிகளை அழிய விடாமல், கப்பம் கட்டிச் சமாதானம் தேடினார். போர் தவிர்க்க முடியாதபோது படையும் அனுப்பினார்.

ஆனாலும் ஜனங்கள் அவரை நினைப்பது போர்களுக்காக அல்ல. அவர் போட்ட சாலைகளும், வழிப்போக்கருக்குக் கட்டிய சத்திரங்களுமே அவர் பெயரை நிலைநிறுத்தின. பல இடங்களில் பழைய பாதைகளை மங்கம்மாள் சாலை என்றே அழைக்கிறார்கள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

அவர் இந்து சமயத்தவர். எனினும் பிற சமயத்தாரை ஒடுக்கவில்லை. சேதுபதியின் சீமையில் ஓரியூரிலே அர்ச். அருளானந்தர் 1693-ல் வேதசாட்சியாக இரத்தம் சிந்தியது இவர் காலத்தில்தான். அதே சீமையில் சிறைப்பட்டிருந்த மெல்லோ சுவாமியாருக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தவர் மங்கம்மாள். திருச்சிராப்பள்ளித் தர்காவுக்கும் மானியம் அளித்தார்.

அவருடைய முடிவோ துயரமானது. 1706-ம் ஆண்டையொட்டிப் பேரனின் ஆட்சி தொடங்கியது. ஆட்சியைப் பிடிக்க முனைந்தவர்கள் முதிய இராணியைச் சிறையிலிட்டுப் பட்டினி போட்டார்கள் என்றும், உணவின் வாசனை மட்டும் எட்டும்படி கண்ணெதிரே வைத்தார்கள் என்றும் கர்ணபரம்பரையாகச் சொல்வார்கள். ஊர் பேர் தெரியாத வழிப்போக்கருக்கெல்லாம் சத்திரத்தில் இடம் கொடுத்தவர், தம் சொந்த அரண்மனையில் பசித்திருந்தார் என்கிறது அக்கதை. பேரன் விஜயரங்கர் 1732 வரை அரசாண்டார். அவர் உயிரும் சிம்மாசனமும் பாட்டி காத்துக் கொடுத்தவை.

அன்பான குடும்பத்தாரே, அரண்மனைக் கதை அரண்மனையோடு போகட்டும். நம்மை வளர்த்த பாட்டி இன்று திண்ணையிலோ அடுப்படி மூலையிலோ ஒதுங்கி உட்கார்ந்திருக்கலாம். பல் போனவருக்குச் சோற்றைக் குழையப் பிசைந்து கொடுக்க ஒரு கை வேண்டும். சொன்னதையே திரும்பச் சொன்னாலும் கேட்க ஒரு காது வேண்டும். இன்றிரவு நாம் தட்டில் கை வைக்குமுன், பாட்டி சாப்பிட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்போம்.