எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்

வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகி, வேண்டிய நிலையத்தைத் தெளிவுறக் கேட்போர் பலர். அத்தெளிவை அளித்தவரை அறிந்தோர் சிலரே. அவர்தாம் எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங் என்னும் அமெரிக்கப் பொறியியலறிஞர்.

இவர் 1890-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ஆம் நாள் நியூயார்க் நகரிற் பிறந்தார். சிறு பிராயத்திலே நோய்வாய்ப்பட்டுச் சில காலம் பள்ளி செல்லாதிருந்தார். பின்னர் யாங்கர்ஸ் நகரில் தம் இல்லத்தருகே 125 அடி உயரக் கம்பமொன்றை நாட்டி, தொலைவினின்று வரும் கம்பியில்லாத் தந்தியொலிகளைக் கேட்டு மகிழ்ந்தார். கொலம்பியா பல்கலைக்கழக மாணவராயிருந்தபோதே, 1912-இல், வால்வு பெருக்கிய மின்னோட்டத்தின் ஒரு பகுதியை மீண்டும் அதனுள்ளே செலுத்திப் பன்மடங்கு பெருக்கும் முறையைக் கண்டார்.

முதல் உலகப் போரிற் படையதிகாரியாய்ப் பாரிசில் இருக்கையில், 1918-இல், சூப்பர்ஹெட்டரோடைன் முறையை வகுத்தார். அக்கால வால்வுகள் மிகுந்த அதிர்வெண் கொண்ட அலைகளைச் செவ்வனே பெருக்கமாட்டா. ஆகவே, அவ்வதிர்வெண்ணையே குறைத்துக்கொள்ள எண்ணினார். சுருதி சற்றே வேறுபட்ட இரு தந்திகளை ஒருங்கே மீட்டினால், அவ்வேறுபாட்டின் அளவாக ஓசை ஏறியிறங்குதலை இசைவல்லார் அறிவர். அதுபோலவே, 1000 கிலோஹெர்ட்ஸ் அலை வருங்கால், பெட்டிக்குள்ளேயே 1455 கிலோஹெர்ட்ஸ் அலையொன்றை உண்டாக்கி அதனோடு கலந்தால், வேறுபாடாகிய 455 கிலோஹெர்ட்ஸ் அலை பிறக்கும். பேச்சும் பாட்டும் அதன்கண் மாறாது அமைந்திருக்கும். குமிழைத் திருகுந்தோறும் உள்ளலையும் உடன் மாறுதலால், எந்நிலையமாயினும் 455 ஆகவே வந்து சேரும். பெருக்கும் பகுதி அவ்வோர் எண்ணுக்கே இசைக்கப்பட்டுள்ளமையால், அயல் நிலையங்கள் விலகிப்போம். பின்னர் அலையினின்றும் ஒலி பிரிக்கப்பட்டு ஒலிபெருக்கியை அடையும்.

1923-இல் மேரியன் என்னும் நங்கையை மணந்தபோது, இம்முறையிலமைந்த சிறு வானொலியையே மணப்பரிசாக அளித்தார். 1933-இல், மின்னல் முதலியவற்றால் எழும் இரைச்சலை நீக்கவல்ல பண்பலை முறைக்கும் காப்புரிமை பெற்றார்.

ஆயினும், கண்டதைக் காத்தல் காண்டலினும் அரிதாயிற்று. முதற் கண்டுபிடிப்பின் உரிமையை 1934-இல் உச்ச நீதிமன்றம் லீ டி பாரஸ்ட் என்பார்க்கே அளித்தது. அதன்பொருட்டுத் தாம் பெற்ற பதக்கத்தை ஆர்ம்ஸ்ட்ராங் திருப்பியளிக்க முன்வந்தார். பொறியியலாளர் கழகத்தார் அதனை ஏற்க மறுத்துவிட்டனர். 1948-இல் பண்பலை குறித்து ஆர்.சி.ஏ. நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். பொருளும் உடல்நலமும் அதிலே தேய்ந்தன. 1954-இல், மனமுடைந்து, தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். துணைவியார் தளராது எஞ்சிய வழக்குகளை நடத்தி, 1967-இல் இறுதி வழக்கிலும் வெற்றி பெற்றார்.

அவ்வெற்றியைக் காண அவர் இல்லை. எனினும், அலைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து அயலொலி நீக்கும் வித்தையை உலகிற்கு அளித்த அப்பெருமகனாரின் பெயர், வழக்காரவாரங்களுள் மறைந்தொழியாது நிற்பதாக.