கோஷா மருத்துவச்சாலை கண்ட மேரி ஷார்லீப் அம்மையார்

பிள்ளைப்பேற்றை மறுபிறப்பு என்று கூறுதல் நம் நாட்டில் பண்டுதொட்டு வரும் வழக்கு. அஃது உபசார மொழியன்று. நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னர்க் கருவுற்ற பெண்ணொருத்தி பேற்றறையுட் புகுங்கால், அவள் மீள்வாளோ மீளாளோ என்னும் அச்சம் செல்வர் மனையிலும் ஏழை குடிசையிலும் ஒருங்கே இருந்தது. அவ்வச்சத்தைத் தணித்தற்பொருட்டுச் சென்னையில் முதற்கண் முயன்ற பெண்பாலாருள் மேரி ஷார்லீப் அம்மையார் சிறந்தவர். அவர் வரலாற்றினை நம் சங்கத்து அன்பர்களும் தாய்மார்களும் அறிதல் நலம்.

இவ்வம்மையார் 1845ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இலண்டன் மாநகரிற் பிறந்தார். பிறந்த சின்னாட்களுள் ஈன்ற தாய் இறந்துபட்டார். தாய்முகம் காணாது வளர்ந்த அம்மகவே பிற்காலத்தில் எண்ணிறந்த தாய்மாரைக் காத்ததென்பது நினைக்கத்தக்கது. 1865இல் வில்லியம் ஷார்லீப் என்னும் வழக்கறிஞரை மணந்து, மறு ஆண்டில் கணவருடன் சென்னை போந்தார். கணவர்தம் சட்டப் பணிகட்குத் துணைசெய்து, மக்கள் மூவரைப் பெற்று வளர்த்து, ஏனைய ஆங்கில மாதரைப் போலவே இனிது வாழ்ந்திருக்கலாம். அவர் மனம் அதனோடு அமையவில்லை.

அக்காலத்தில் உயர்குடி இந்து மகளிரும் கோஷா என்னும் திரைவழக்கம் உடைய முகம்மதிய மகளிரும் ஆடவ மருத்துவர்க்கு முகங்காட்டவும் ஒருப்படார். கோஷா என்னும் சொல், கிருட்டிணகிரியில் உருது பேசுங் குடும்பங்களோடு பழகிய நம்மவர்க்குப் புதிதன்று. பேறு தடைப்பட்டவிடத்து மருத்துவச்சி கைவிட்டால் அப்பெண்ணுக்கு வேறு புகல் இல்லை. மருத்துவர் அடுத்த தெருவில் இருப்பினும் அவள் மடிவாள். இச்செய்திகளைக் கேள்வியுற்ற அம்மையார், 1844இல் தொடங்கப்பெற்றுப் பின்னர் எழும்பூருக்கு மாறிய அரசினர் பேற்று மருத்துவச்சாலையில் முதற்கண் பேறு பார்க்கும் தொழில் பயின்றார். அப்பயிற்சி போதாதென அவருக்குத் தோன்றிற்று. முழுமருத்துவராதல் வேண்டுமெனில் மருத்துவக் கல்லூரி வாயில் திறத்தல் வேண்டும். ஆங்குப் பெண்டிர்க்கு இடமில்லை.

தலைமை மருத்துவ அதிகாரியாக விளங்கிய எட்வர்டு பால்பர் என்னும் பெரியார் அவ்வாயிலைத் திறப்பித்தார். 1875இல் மகளிர் நால்வர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தனர். அவருள் ஒருவர் நம் அம்மையார். மூன்றாண்டு பயின்று 1878இல் தேர்ச்சி பெற்றார். பின்னர் இலண்டன் சென்று, பெண்டிர் மருத்துவப் பள்ளியிற் கற்று, 1882இல் இலண்டன் பல்கலைக்கழகப் பட்டமும் பேற்று மருத்துவத்திற் பொற்பதக்கமும் பெற்றார். வியன்னா நகரிலும் சிறிது காலம் தங்கி அறுவை முறைகளைக் கற்றார். மீளுமுன் விக்டோரியா அரசியாரைக் கண்டு இந்திய மகளிர் படும் இடரை நேரில் எடுத்துரைத்தார். கற்ற கல்வியோடு அவர் சென்னை திரும்பிய ஆண்டு 1883.

நிற்க. கல்வி வந்துற்றது, கட்டிலும் கூரையும் யார் தருவது? இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்க வேண்டுவது இதுவே. 1885இல், அன்றைய ஆளுநர் கிராண்டு டப் என்பாரின் மனைவியார் முதலியோர் ஆதரவால், நுங்கம்பாக்கத்து மூர் தோட்டத்தில் சாதி இந்துப் பெண்டிர்க்கும் கோஷாப் பெண்டிர்க்கும் உரிய விக்டோரியா மருத்துவச்சாலை தோன்றிற்று. அதே ஆண்டில் டப்பரின் சீமாட்டியாரின் பெயரால், இந்தியப் பெண்டிர்க்கு மருத்துவ உதவி அளிக்கும் பெருநிதியும் எழுந்தது. சிற்றரசரும் சமீன்தாரும் அதற்குப் பொருள் வழங்கினர். எனினும் நன்கொடையை நம்பி நிற்கும் அறச்சாலையின் இயல்பு யாவரும் அறிந்ததே. கட்டிடத்துக்குக் கொடுப்போர் பலர். மாதந்தோறும் கஞ்சிக்கும் பாலுக்கும் செவிலியர் சம்பளத்துக்கும் கொடுப்போர் மிகச் சிலர். பெயர் பொறித்த கல்லுக்கு இடமில்லாத செலவு யாருக்கும் உவப்பதில்லை. கலியாண மண்டபங்கட்கு நிதி திரட்டிய நம்போன்ற சங்கத்தார்க்கு இதனை விரித்துரைத்தல் மிகை.

அம்மையாரின் உடல்நலங் குன்றவே, 1887இல் அவர் தாயகம் திரும்ப நேர்ந்தது. தொடங்கியவர் அகன்றபின் வாடிப்போன நற்செயல்கள் எத்தனையோ உள. இச்சாலை வாடவில்லை. வெங்கடகிரி அரசர் ஒரு நூறாயிரம் ரூபாய் ஈந்தார். அரசினர் சேப்பாக்கத்தில் நிலம் அளித்தனர். 1890இல் மருத்துவச்சாலை அங்குக் குடியேறிற்று. 1921இல் அரசினரே அதனை முற்றும் ஏற்றுக்கொண்டனர். அதன்பின் ஒரு வள்ளலின் மனநிலையை எதிர்நோக்கி நிற்க வேண்டிய நிலை அதற்கு இல்லையாயிற்று. என் கருத்தில், அச்சாலையின் இரண்டாம் பிறவி அதுவே.

ஒன்று கூறாது விடுதல் முறையன்று. சாதிச் சங்கத்து இதழில் அதனைக் கூறுதல் இன்னும் இன்றியமையாதது. அச்சாலையின் பெயரிலேயே சாதி இருந்தது. திரைக்குள் இருந்த மகளிரை வெளிக்கொணர அம்மையாரும் அவர் துணைவரும் அப்பெயரை ஏற்றனர்போலும். அதனாற் பிழைத்த உயிர்கள் பல. ஆயினும் வயலிற் கூலிக்கு நடவு நட்ட பெண்ணுக்கும் அதே நோவு, அதே குருதிப்போக்கு. பொதுப்பணம் வந்துற்ற இடத்தில் வரையறை நெடுநாள் நிற்றல் இயலாது. 1948இல் அம்மருத்துவச்சாலை கத்தூரிபா காந்தியாரின் பெயரைப் பெற்றது, சாதிச்சொல் உதிர்ந்தது. சென்னை மக்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே வழங்குவர்.

தாயகத்திலும் அம்மையார் ஓயவில்லை. 1888இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டம் பெற்ற முதற்பெண்மணி ஆனார். பெருமருத்துவச்சாலைகளில் அறுவை மருத்துவராகப் புகழ்பெற்று, 1926இல் டேம் என்னும் சிறப்புப் பெற்று, 1930 நவம்பரில் எண்பத்தைந்தாம் அகவையில் மறைந்தார்.

1875இல் அவர் முதலிய நால்வர் புகுந்த அதே கல்லூரியில் 1907இற் சேர்ந்து, 1912இல் தேர்ந்தவர் புதுக்கோட்டை முத்துலட்சுமி அம்மையார். அவர் பெயரால் 1987இல் தமிழ்நாட்டு அரசினர் தொடங்கிய மகப்பேற்று உதவித் திட்டம் இப்போது ரூ. 18,000 வரை வளர்ந்துள்ளது. அத்தொகை ஒருங்கே தரப்படுவதன்று; ஒரு பகுதி பணமாகவும் ஒரு பகுதி ஊட்டப்பொருளாகவும், கருவுற்ற காலமுதல் தவணைதோறும் வருவது. பத்தொன்பது வயது நிரம்பியிருத்தல் வேண்டும். முதலிரு பேறுகட்கே உரியது. பன்னிரண்டு வாரத்துக்குள் கிராமச் செவிலியரிடம் பதிந்து எண் பெறுதல் வேண்டும். குருபரப்பள்ளி போன்ற எல்லைப்புற ஊர்களில் இங்கேதான் இடர் நேர்கிறது. பெங்களூரில் வாழ்க்கைப்பட்ட மகள் ஏழாம் மாதத்தில் தாய்வீடு வருவாள். அங்கும் பதியாமல் இங்கும் பதியாமல் இருந்தால், அவளுக்கென ஒதுக்கிய பொதுப்பணம் அவளை வந்தடையாது. பதிவு செய்யாத மகளிர் நம் உறவில் இருப்பின், பெரியோர் தாமே அழைத்துச்சென்று செவிலியரிடம் பதிவித்தல் வேண்டும்.