புகையைப் பிடித்தவர், காப்புரிமையைக் கொடுத்தவர்: யார் இந்த காட்ரெல்?

திண்டுக்கல் என்றதும் பூட்டுதான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பூட்டில் இருக்கும் பித்தளை, தாமிரமும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. இரண்டுமே பெரும்பாலும் கந்தகம் கலந்த தாதுவிலிருந்து வருபவை. தாதுவை உருக்கினால் உலோகத்தோடு புகையும் வரும். அதில் ஈயம், ஆர்சனிக் கலந்த நுண்தூசி இருக்கும், கந்தக டை ஆக்சைடு வாயுவும் இருக்கும். இந்தத் தூசியைப் பிடிக்க வழி கண்டவர் ஃபிரெடெரிக் கார்ட்னர் காட்ரெல்.

1877-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்தவர். ஜெர்மனியில் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி, பெர்க்லியில் வேதியியல் பாடம் எடுத்தார். அப்போது சான் பிரான்சிஸ்கோ விரிகுடா ஓரத்தில் செல்பி என்ற ஈய உருக்காலை ஓடிக்கொண்டிருந்தது. அதன் புகையால் பாதிக்கப்பட்ட சுற்றுவட்டார மக்கள் கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள். ஆலையை மூடணும், இல்லைன்னா புகையை நிறுத்தணும் என்ற நிலை.

காட்ரெல் கையில் எடுத்தது புது ஐடியா இல்லை. இங்கிலாந்தின் ஆலிவர் லாட்ஜ் 1880-களிலேயே மின்சாரத்தால் ஈயப் புகையைப் பிடிக்கப் பார்த்து, போதுமான மின்சக்தி கிடைக்காமல் தோற்றிருந்தார். காட்ரெலிடம் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. மாறுமின்சாரத்தை ஒரே திசைக்கு மாற்றி, பல ஆயிரம் வோல்ட்டைக் கம்பியில் பாய்ச்சினார். தலை வாரிய சீப்பில் காகிதத் துணுக்கு ஒட்டுமே, ஏறக்குறைய அதே சங்கதி. கம்பியைக் கடக்கும் தூசிக்கு மின்னேற்றம் கிடைக்கிறது, எதிரே உள்ள தகட்டில் போய் ஒட்டிக்கொள்கிறது. தகட்டைத் தட்டினால் கீழே கொட்டும். அப்படிக் கொட்டுவதில் உலோகமும் இருக்கும், அதைத் திரும்ப உலையில் போடலாம். காப்புரிமை கிடைத்தது 1908-ல். செல்பியில் அமிலப் பனிப்புகை கக்கிய புகைபோக்கி அடங்கியது. அடுத்து, ஆரஞ்சுத் தோட்டங்கள் மேல் தூசி கொட்டிய ரிவர்சைடு சிமென்ட் ஆலைக்கும் இதே கருவி போனது. இன்றைக்கும் சிமென்ட் ஆலை, அனல்மின் நிலையம் என்று பல இடங்களில் ஓடுகிறது.

ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. இந்தக் கருவி துகளைத்தான் பிடிக்கும், வாயுவை விட்டுவிடும். கலிஃபோர்னியாவின் ஷாஸ்டா பகுதியில் பாலக்லாலா தாமிர உருக்காலை 1910-ல் இதைப் பொருத்தியது. தூசி குறைந்தது, கந்தக வாயு குறையவில்லை. அடுத்த வருஷமே ஆலைக்குப் பூட்டு.

வாயுவுக்கு வேறு வழி: அதைக் கந்தக அமிலமாக மாற்றி விற்பது. அதற்கும் முதலில் தூசி போக வேண்டும், ஆர்சனிக் பட்டால் வினையூக்கி கெட்டுவிடும். ஆக, காட்ரெல் கருவி முன்னால், அமில ஆலை பின்னால். இதுதான் பெரிய உருக்காலைகளில் இன்றும் வரிசை. பழைய பேட்டரி உருக்கும் சின்ன உலைகளுக்கு இவ்வளவு செலவு கட்டுப்படியாகாது. அங்கே துணிப்பை வடிகட்டியே மேல். எதைப் பொருத்தினாலும் உலை ஓடும்போதெல்லாம் அதுவும் ஓடணும். கரண்ட் போனால் தகடு வெறும் தகடுதான். ‘கருவி வச்சிருக்கோம்’ என்று ஒரு ஆலை சொன்னால், எது தூசிக்கு, எது வாயுவுக்கு என்று கேட்பது நல்லது.

காட்ரெல் நினைத்திருந்தால் பெரும் பணக்காரர் ஆகியிருக்கலாம். அவரோ காப்புரிமைகளைக் கொடுத்து, 1912-ல் ‘ரிசர்ச் கார்ப்பரேஷன்’ அமைப்பு உருவாக வழி செய்தார். வரும் லாபம் முழுக்க அறிவியல் ஆராய்ச்சிக்கு. எர்னஸ்ட் லாரன்ஸின் சைக்ளோட்ரான், ராபர்ட் கோடார்டின் ராக்கெட் இரண்டுக்கும் அங்கிருந்து பணம் போயிருக்கிறது. புகைபோக்கியில் பிடித்த தூசி ராக்கெட்டுக்குக் காசானது!

1920-ல் அமெரிக்கச் சுரங்கத் துறையின் இயக்குநராகக் கொஞ்ச காலம் இருந்தார், பிறகு நைட்ரஜன் ஆய்வுக்கூடம். 1948 நவம்பர் 16 அன்று, பெர்க்லியில் தேசிய அறிவியல் அகாடமி கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோதே உயிர் பிரிந்தது. வயது 71.